எடைக்குப் போகும் மரக்கால்

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. "பழைய சாமான் கடைங்க இருக்குற தெரு" என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார். தெருவுக்குள் நுழைந்ததுமே கடைகள் வாசலைத் தாண்டி வழிந்து கிடக்கின்றன. எனாமல் தூக்குகள், கடவுள் படங்கள், ரசம் போன நிலைக்கண்ணாடிகள், ஒரு ஆள் தூக்க முடியாத பூட்டுகள், பூட்டு எங்கே என்று தெரியாத சாவிக்கொத்துகள், நிலையோடு பெயர்த்து எடுத்த தேக்குக் கதவுகள்.

வெளியூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருபவர்கள் கண்ணாடியையும் கதவையும் பார்ப்பார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களின் கண் வேறு இடத்துக்குப் போகும். கடையின் உள்மூலையில், தூசி படிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் சாமான்கள் அவை. மாட்டுக் கழுத்து மணி, சலங்கை, உளுந்து உடைத்த ஏந்திரம், கமலைக் கிணற்றின் இரும்புச் சால், நுகத்தடி, அரிவாள்மணை, பித்தளைப் பூண் போட்ட மரக்கால், அதற்குள்ளே படி, படிக்குள்ளே உழக்கு.

நம் வீடுகளில் இருப்பதிலேயே பழைய பொருள் எது என்று கேட்டால் பலரும் நகையைச் சொல்வார்கள். நகை எத்தனையோ முறை அழித்துச் செய்யப்பட்டிருக்கும். பாட்டியின் காசுமாலை இன்று பேத்தியின் ஆரமாகத்தான் இருக்கிறது. உண்மையில் பழையது அடுப்படியிலும் பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடப்பதுதான். அதைத்தான் முதலில் விற்கிறோம்.

நெல் கட்டிய வீடுகள்

இந்தத் தெருவுக்குச் சாமான் வந்த கதையே விவசாயக் கதைதான். செட்டிநாடு மழையை நம்பிய வறண்ட பூமி, கண்மாய்ப் பாசனம். இங்கே இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டும் பணத்தை இந்த மண் கொடுக்கவில்லை. அதில் பெரும்பங்கு கடலுக்கு அப்பால், பர்மாவின் ஐராவதி டெல்டாவில் விளைந்த நெல்லிலிருந்து வந்தது.

அங்கே காடு திருத்தி நெல் போட்ட விவசாயிகளுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் நகரத்தார்கள். 1930-களில் உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவிகித நிலம். 1938-ல் அது 25 சதவிகிதம். விளைச்சல் சரியாக இருந்தும் விலை விழுந்தால் நிலம் எப்படிக் கைமாறும் என்பதை எந்த விவசாயிக்கும் விளக்க வேண்டியதில்லை.

வந்த நிலம் நிலைக்கவும் இல்லை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் போட்டது போட்டபடி கிளம்பினார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் காடு மலை தாண்டி நடந்து வந்தார்கள். சுதந்திரம் அடைந்த பர்மா 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. வீடும், வீட்டுக்குள் இருந்த சாமானும்தான் மிச்சம்.

அந்தச் சாமான் கொஞ்சநஞ்சம் இல்லை. மகளுக்குக் கல்யாணம் என்றால் அவள் ஆயுசு முழுவதும் புழங்குவதற்கு வேண்டியதை எல்லாம் சீராக அடுக்கி அனுப்பியவர்கள் அவர்கள். குழம்புச் சட்டியிலிருந்து தயிர் கடையும் மத்து வரை, பட்டியல் எழுதி, பரப்பி வைத்து, எண்ணிக் கொடுத்தார்கள். அடுத்த தலைமுறை வேலைக்காகச் சென்னை, சிங்கப்பூர் என்று போனது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் இருபது பேர், முப்பது பேர் என்று ஆனது. ஆளுக்கு ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு பூட்டு. ஓடு ஒழுகினால் யார் மாற்றுவது என்பதிலேயே பேச்சு நின்றது. கடைசியில் வீட்டை இடித்தார்கள், சாமான் இந்தத் தெருவுக்கு வந்தது. பங்கு பிரிக்க முடியாத எதுவும் ஒருநாள் விற்கப்படும். செட்டிநாட்டு வீட்டுக்கு மட்டும் இல்லை, மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனத்துக்கும் இதே கணக்குதான்.

லாபம், ரெண்டு, மூணு

மூலையில் கிடக்கும் மரக்காலிடம் வருவோம். இன்றைக்கு அதை வாங்குபவர்கள் செடி வைக்கிறார்கள், குடை வைக்கிறார்கள். சில விடுதிகளில் நுகத்தடியைச் சுவரில் மாட்டி அதில் விளக்கு தொங்கவிடுகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடுப்பில் எரிவதைவிடச் சுவரில் தொங்குவது மேல். ஆனால், மரக்கால் என்ன செய்தது என்பது அதை விற்கும் வீட்டுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால், அதற்கே குறுணி என்றும் பெயர். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஒரு கலத்துக்கு 12 மரக்கால், அதாவது 96 படி. பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கள் களத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைத் தவறாமல் போட்டார்கள். பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று ஊருக்கு ஊர் அளவு மாறியது. அதனால்தான் எந்த மரக்காலால் அளந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளவு வரும் இடங்களில் 'ஆடவல்லான்' என்று மரக்காலின் பெயரையும் சேர்த்து வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அளவு தெரியாத நெல்லுக்குக் கணக்கு கிடையாது.

களத்தில் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை, 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிக்கை போகும். அப்படி எண்ணியவர்கள் எல்லாருக்கும் லாபம் கிடைத்ததா என்றால், இல்லை. இதே மரக்காலில்தான் குத்தகை அளந்தார்கள், கூலியும் அளந்தார்கள். குத்தகை நெல்லைக் கோபுரமாகக் குவித்து வாங்கிவிட்டு, கூலி நெல்லைத் தலைதட்டிக் கொடுத்த கதைகள் டெல்டாவில் இல்லாத ஊர் இல்லை. வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த வீடுகளைப் பற்றிச் சொல்வார்கள். 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் கூலிப் பேச்சு மரக்கால் கணக்கில்தான் நடந்தது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டம் நடந்துகொண்டிருந்த நாள்களில், 1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கடை மூலையில் கிடக்கும் அரைப்படியைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கை தாங்கும் அளவுதான் இருக்கிறது.

1956-ல் எடை, அளவுச் சட்டம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிலோ வந்தது. மரக்கால் களத்திலிருந்து பரணுக்கு ஏறியது. கல்யாணத்துக்கும் புதுமனை புகுவதற்கும் நிறைநாழி வைக்கப் படி மட்டும் கீழே இறங்கும். அதுவும் இப்போது பல வீடுகளில் எவர்சில்வர் படிதான்.

"எடைக்கா, பொருளாவா?"

பழைய பாத்திரத்தைக் கொண்டு வருபவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். எடைக்கு என்றால் அன்றைய உலோக விலை. பொருளாக என்றால் வேலைப்பாடு, வயது, எங்கிருந்து வந்தது என்று பேச்சு நீளும். ஊருக்குள் சைக்கிளிலும் மினி வேனிலும் வரும் வியாபாரி இந்தக் கேள்வியையே கேட்பதில்லை. தராசைத்தான் எடுப்பார். சில நேரம் தராசுகூட இல்லை. பிளாஸ்டிக் குடம் இரண்டைக் கொடுத்துவிட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

வெண்கலத்தைப் பித்தளை விலைக்குக் கொடுத்து ஏமாந்த வீடுகள் நிறைய. செம்போடு வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்த்தால் பித்தளை. வெள்ளீயம் விலை கூடியது என்பதால் வெண்கலத்துக்கு மதிப்பு அதிகம். கண்டுபிடிக்க ஆசாரி வேண்டியதில்லை. விளிம்பில் விரலால் சுண்டினால் வெண்கலம் மணி மாதிரி நின்று ஒலிக்கும். பித்தளையில் ஓசை சீக்கிரம் அடங்கும். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், வெண்கலம் விரிசல் விடும். வீட்டில் வைத்துப் புழங்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் உள்பக்கம் ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் புளிக்குழம்பு, மோர் எதையும் வைக்கக் கூடாது. பூசுபவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனாலும் தேடினால் கிடைக்கிறார்கள். பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்வது அவசியம். காரீயம் உடம்புக்குக் கெடுதல்.

கடைகளில் பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தால் கழுத்திலோ அடியிலோ எழுத்து தெரிகிறது. குடும்பத்தின் விலாசம், தலைப்பெழுத்து, சிலவற்றில் ஒரு பெண்ணின் பெயர். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து. கல்யாண வீட்டில் பத்து வீட்டு அண்டாக்கள் ஒன்றாகச் சேரும், திரும்பிப் போகும்போது மாறக் கூடாது என்பதற்காக வெட்டிய பெயர்தான். இப்போது அந்தப் பெண்ணைப் பற்றி மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரி மட்டும். வாங்குபவருக்கு அது யாரென்று தெரியாது. விற்றவருக்குத் தெரிந்திருக்கலாம், அல்லது அவரும் திருப்பிப் பார்க்காமலே கொடுத்திருக்கலாம்.

விற்பதே தவறு என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் பரணில் இருக்கும் அண்டா பணம்தான். ஆனால் கொடுப்பதற்கு முன்பு ஒரு செல்போன் படம், ஒரு நோட்டில் நாலு வரி. யார் கொண்டு வந்த சீர், எந்த ஊரிலிருந்து, எந்தக் களத்தில் அளந்தது, எத்தனை பட்டணம் படி பிடிக்கும். வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர் இருந்தால் அவர் வாயால் கேட்டு எழுதிவிட வேண்டும். இந்த வேலைக்குப் பணம் ஆகாது. ஆனால் தள்ளிப்போட்டால் பிறகு எந்தப் பணத்துக்கும் கிடைக்காது.

காகிதம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தகரப் பெட்டியோடு பழைய பத்திரங்களைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறார்கள். தாத்தா காலத்து மூலப் பத்திரம் இன்றைக்கும் பேசும். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயரும் சர்வே எண்ணும் பரப்பும் மாறிப் பதிவான நிலங்களுக்காக இன்றும் அலைபவர்கள் இருக்கிறார்கள். திருத்தம் கேட்கப் போனால் முதலில் கேட்பது அந்தத் திட்டத்துக்கு முந்தைய ஆவணத்தைத்தான். அம்பது சென்ட் நிலத்தைக் காப்பாற்றுவது பல நேரங்களில் கரையான் தின்னாமல் விட்ட ஒரு தாளாக இருக்கும்.

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் தொழில். ஊர் ஊராக, பழைய பேப்பர் கடைக்குப் போக இருந்ததை எல்லாம் வாங்கிச் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடவில்லை. 1992-ல் அவர் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. அந்தச் சேகரிப்பை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. தமிழில் ஆராய்ச்சி செய்பவர்கள் இன்றும் அங்கே போய்த்தான் தேடுகிறார்கள்.

நிலத்துக்குள் கிடைத்தால்

பழைய பொருள் பரணில் மட்டும் இல்லை. போர்வெல் போடும்போதும், தென்னங்குழி எடுக்கும்போதும் மண்ணுக்குள்ளிருந்து பானையும் காசும் வருவது உண்டு. "என் நிலத்துல கிடைச்சா எனக்குத்தானே?" என்ற கேள்வி இயல்பானது. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொந்தக்காரர் இல்லாதது என்று முடிவானால் அரசு அதை எடுத்துக்கொள்ளலாம். அப்போது பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்கும். அரசு எடுத்துக்கொள்ளாவிட்டால், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் தனி ஒப்பந்தம் இல்லாத நிலையில், முன்னவருக்கு முக்கால் பங்கு, பின்னவருக்குக் கால் பங்கு. மறைத்தால் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் தலைமுறையாக இருக்கும் பொருளுக்கு வேறு சட்டம். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்குக் குறையாத சிலை, ஓவியம் போன்றவை தொல்பொருள். ஏட்டுச்சுவடிகளுக்கு 75 வருஷம். சிலைகள், ஓவியங்கள், ஓவியம் தீட்டிய சுவடிகள் இருந்தால் பதிவு செய்ய வேண்டும். தனியார் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "நல்ல விலை தர்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஒருவர் வந்தால், அவர் எதை வாங்க வந்திருக்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

ஆதன் வைத்திருந்த பானை

இப்படி விவசாய நிலத்துக்குள் கிடைத்ததிலேயே பெரிதாகப் பேசப்பட்டது காரைக்குடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில், வைகைக்குத் தெற்கே கீழடி. ராமேஸ்வரம் சாலையில் சிலைமானில் திரும்பினால் வயலும் தென்னந்தோப்புமாக வழி போகிறது. 1970-களில் இங்கே மண் தோண்டியபோது கிடைத்தவற்றை மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். அவற்றைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்தவர் ஓர் ஆசிரியர். மத்தியத் தொல்லியல் துறை வந்து குழி போட்டது 2014-15-ல். அதற்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. தோண்டிய இடங்களில் பெரும்பாலானவை விவசாயிகளின் பட்டா நிலங்கள். தென்னைக்கு நடுவே சதுரம் சதுரமாகக் குழி எடுக்க அவர்கள் இடம் கொடுத்ததால்தான் வேலை நடந்தது.

2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டைப் போலவே கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவை அரண்மனைப் பொருள்கள் இல்லை. நூல் நூற்ற தக்களி, பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லு, பகடைக்காய், மணிகள், உறைகிணற்றின் சுடுமண் வளையம், மாடு, எருமை, ஆடுகளின் எலும்பு. எல்லாம் வீட்டுச் சாமான். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டைச் சோதித்ததில் கி.மு. 580 என்று காலம் வந்தது.

நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்து கீறிய 56 பானை ஓடுகள் கிடைத்தன. 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர்கள். எழுத்தின் சாயல் ஓட்டுக்கு ஓடு மாறுவதால், குயவர் ஒருவரே எழுதியது இல்லை, பானையை வைத்திருந்தவர்களே ஆளாளுக்குக் கீறிக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆதன் என்ன சாகுபடி செய்தார், எத்தனை மாடு வைத்திருந்தார் என்று எதுவும் இல்லை. இந்தப் பானை என்னுடையது, மாற்றி எடுத்துப் போய்விடாதே என்கிற ஒரு செய்திதான் இருக்கிறது. முனீஸ்வரன் கோவில் தெருவில் அண்டாவின் கழுத்தில் இருப்பதும் அதே செய்திதான்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இன்னும் பழையது ஒன்று கிடைத்திருக்கிறது. முதுமக்கள் தாழிக்குள் இறந்தவரோடு வைத்த நெல்லின் உமி. கி.மு. 1155-ம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2021-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். போகிறவருக்குத் துணையாக வைக்க அந்த வீட்டில் நெல் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கீழடியில் பள்ளிப் பிள்ளைகளும் வேன் பிடித்து வரும் கிராமத்துக் குடும்பங்களுமாகக் கூட்டம் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்து "இது நம்ம வீட்டுத் திருகு கட்ட மாதிரியில்ல இருக்கு" என்று பாட்டிகள் சொல்வதும், "அத எங்க போட்டீங்க?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பதும் காதில் விழும்.

திரும்பும்போது மதுரையில் பாத்திரக் கடைப் பக்கம் போகிற குடும்பங்கள் உண்டு. எவர்சில்வர் அண்டா, தவலை, தட்டு எல்லாம் பில் போட்ட பிறகு, வாசல் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் போகும். அவர் கையில் ஒயரோடு கூடிய சின்ன மெஷின். "என்ன பேருக்கா போடணும்?" என்பார். அம்மா பொண்ணின் பெயரைச் சொல்வார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மொதல்ல ஊர் பேர் போடுங்க தம்பி, அப்புறம் பேரு, கீழ தேதி" என்பார். மெஷின் கிர்ரென்று சத்தம் போட ஆரம்பிக்கும்.